கடலடியில் ஓடு கட்டும் ஒரு செல்: வளர்வது எப்படி, பெருகுவது எப்படி?

மண்டபம், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை மணலைக் கொஞ்சம் எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். உடைந்த சிப்பித் துண்டுகளுக்கும் பவளத் துணுக்குகளுக்கும் நடுவில், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சுருண்ட வெள்ளைப் பொருள்கள் சில கண்ணில் படலாம். குட்டி நத்தை ஓடு என்றுதான் முதலில் தோன்றும். நத்தைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே ஒரு செல்லால் ஆன உயிர் தனக்கென்று கட்டிக்கொண்ட ஓடு அது.

இந்த உயிர்களுக்கு ஃபொராமினிஃபெரா (துளையுள்ள ஓட்டுக்குள் வாழும் ஒருசெல் உயிர்கள்) என்று பெயர். ஆய்வாளர்கள் சுருக்கமாக ஃபொராம் என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

நத்தை என்று நினைத்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. 1826-இல் இவற்றுக்குப் பெயர் வைத்த பிரெஞ்சு இயற்கையியலாளர் அல்சீட் தோர்பின்யியே, இவை கணவாயின் உறவினர்கள் என்றுதான் எழுதினார். உள்ளே இருப்பது ஒரே செல்தான் என்று ஃபெலிக்ஸ் துஜார்தின் காட்டியது 1835-இல்.

பள்ளியில் படித்த அமீபா மாதிரியா? ஓட்டுக்குள் இருப்பது ஏறக்குறைய அப்படித்தான். ஓட்டின் வாய் வழியாகவும், சில வகைகளில் சுவரிலுள்ள நுண்துளைகள் வழியாகவும், நூலிழை போன்ற போலிக்கால்கள் (செல் தன் உடலையே நீட்டி உண்டாக்கும் இழைகள்) வெளியே வந்து வலை போல விரியும். அந்த வலையில் நுண்பாசி, பாக்டீரியா, அழுகிய துணுக்கு எது சிக்கினாலும் உணவு. நகர்வதும் அதே இழைகளைக் கொண்டுதான். மணிக்குச் சில மில்லிமீட்டர் நகர்ந்தால் அது நல்ல வேகம்.

கடல் நீரில் மிதக்கும் ஃபொராம் வகைகள் ஐம்பதை ஒட்டித்தான் இருக்கும். மற்ற ஆயிரக்கணக்கான வகைகள் கடலடியில், சேற்றிலோ மணலிலோ பாசியிலோ ஒட்டி வாழ்பவை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

ஓடு கல்லைப் போலக் கெட்டி. அதற்குள் இருக்கும் உயிர் எப்படிப் பெரிதாகும்? நண்டு பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது செய்துகொள்ளும். ஃபொராம் எதையும் கழற்றுவதில்லை. இருக்கும் ஓட்டின் வாயருகே புதிதாக ஓர் அறையைச் சேர்த்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னொன்று. பழைய வாய், இரண்டு அறைகளுக்கு இடையிலான வழியாக ஓட்டுக்குள் நின்றுவிடும். பல வகைகளில் ஒவ்வோர் அறையும் முந்தையதைவிடச் சற்றுப் பெரிது. அதனால்தான் அந்தச் சுருள் வடிவம்.

ஓர் அறை கட்டுவதை ஆய்வகத்தில் நேரில் பார்க்கலாம். முதலில் உயிர் தின்பதை நிறுத்திவிடும். சுற்றிலும் கிடக்கும் துகள்களை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு மறைவை உண்டாக்கும். பிறகு போலிக்கால்கள் வெளியே நீண்டு, வரப்போகும் அறையின் வடிவத்தில் நிற்கும். அந்த வடிவத்தின் மேல் மெல்லிய கரிமச் சவ்வு ஒன்று படியும். அதன் இரு பக்கமும் சுண்ணாம்பு (கால்சியம் கார்பனேட்) படிந்து சுவராகும். பல வகைகளில் இந்த வேலை சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். பெரும்பாலான சுண்ணாம்பு ஓட்டு வகைகளில், புதிய அறைக்குச் சுவர் வைக்கும்போதே பழைய ஓட்டின் வெளிப்புறத்துக்கும் ஒரு மெல்லிய பூச்சு சேர்ந்துவிடுகிறது. ஆகவே மூத்த அறைகளின் சுவர்தான் தடிப்பு.

சுண்ணாம்புக்கு எங்கே போகிறது? கடல் நீரிலேயே கால்சியமும் கரைந்த கார்பனும் இருக்கின்றன. ஆனால் அவை தாமாகக் கல்லாகிவிடாது. சுவர் எழும் இடத்திலிருந்து ஃபொராம் அமிலத் தன்மையை (ஹைட்ரஜன் அயனிகளை) வெளியே தள்ளுகிறது. கடல் நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவு) 8-ஐ ஒட்டி இருக்கும்போது, அந்தச் சிறு இடத்தில் மட்டும் அது 9-ஐ எட்டுகிறது. அந்த நிலையில் சுண்ணாம்பு படிகமாகும். இந்தத் தள்ளும் வேலைக்கு ஆற்றல் செலவாகிறது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லா வகையும் சுண்ணாம்பில் கட்டுவதில்லை. சில, அக்கம்பக்கத்து மணல் துகள்களைப் பொறுக்கி ஒட்டவைத்து ஓடு செய்துகொள்ளும். சுண்ணாம்பே கரைந்துபோகும் ஆழ்கடலில் இவற்றின் ஆட்சிதான். இந்த முறையில் ஓடு கட்டும் சிரிங்கமினா என்ற ஆழ்கடல் வகை 20 சென்டிமீட்டர் அகலம்வரை வளரும். ஒரு செல்தான், நம்புங்கள்.

அறைகளை எண்ணி வயதைச் சொல்லலாமா? பலருக்கும் வரும் சந்தேகம். முடியாது. உணவும் வெப்பமும் ஒத்துவந்தால் அடுத்தடுத்து அறைகள் எழும். இல்லாவிட்டால் வாரக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. இளவயதில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் அறை சேர்ப்பதுதான் வழக்கம். கழிமுகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் அம்மோனியா என்ற வகை சில வாரங்கள் முதல் சில மாதங்களில் பெருகத் தயாராகிவிடும். பவளப்பாறைகளில் வாழும் பெரிய வகைகளுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும்.

ஆழ்கடலிலும் காலக்கணக்கு உண்டு. வட அட்லாண்டிக்கில் வசந்த காலத்தில் மேற்பரப்பில் பாசி பெருகி, மடிந்து, கிலோமீட்டர் கணக்கில் கீழே இறங்கிக் கடலடியில் படியும். அது வந்து சேர்ந்ததும் சில சிறிய ஃபொராம் வகைகள் அதில் குடியேறி மளமளவென்று பெருகுவதை ஆண்ட்ரூ குடே 1988-இல் எழுதினார். வெளிச்சமே எட்டாத இடத்துக்கும் பருவம் இறங்கிப் போகிறது.

இனி இனப்பெருக்கம். இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். கடலடி ஃபொராம்கள் பலவற்றில் இரண்டு விதமான தலைமுறைகள் மாறி மாறி வருகின்றன. ஒரு தலைமுறை துணையில்லாமல் குட்டி போடும். அதற்குப் பிறந்தவை வளர்ந்து இனச்செல்களை (ஆண், பெண் அணுக்கள் போல இணையும் செல்கள்) வெளியிடும். அவை இணைந்து பிறப்பது மறுபடி துணையில்லாமல் குட்டி போடும் தலைமுறை. தாயைப் போலப் பிள்ளை இருக்காது, பாட்டியைப் போலப் பேத்தி இருக்கும்.

துணையில்லாத தலைமுறையிலிருந்து தொடங்குவோம். அது நன்கு வளர்ந்தபின் உள்ளே பல உட்கருக்கள் இருக்கும். ஒரு செல் என்றோமே, பல உட்கருவா? ஆமாம். அறைகள் பல இருந்தாலும் உள்ளே உள்ள உயிர்ப்பொருள் தடையில்லாமல் ஒன்றோடொன்று தொடர்ந்தே இருக்கிறது. அதனால் அது ஒரே செல். நேரம் வந்ததும் அந்த உட்கருக்கள் குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் பிரிதல்) அடையும். பிறகு உயிர்ப்பொருள் முழுவதும் பத்துகளாக, நூறுகளாக, சில வகைகளில் அதற்கும் மேலாகத் துண்டுபடும். ஒவ்வொரு துண்டும் தனக்கு ஒரு சின்ன ஓட்டைச் செய்துகொண்டு வெளியே வரும்.

தாய் என்னவாகும்? தாய் என்று தனியாக ஒன்றும் மிஞ்சாது. இருந்த உடல் முழுவதும் பிள்ளைகளாகப் பிரிந்துவிட்டது. வெறும் ஓடு மட்டும் கிடக்கும்.

மணலில் வெற்று ஓட்டைக் கண்டதும் செத்துப்போனது என்று சொல்லிவிடுகிறோம். சிலது அப்படித்தான்: மீனோ புழுவோ தின்றிருக்கும், சேறு மூடியிருக்கும். ஆனால் முழு வளர்ச்சி அடைந்த வெற்று ஓடுகளில் பலவும், உள்ளிருந்தது பிள்ளைகளாகப் புறப்பட்டுப் போனதால் காலியானவை. என்னைக் கேட்டால், இவற்றைப் பற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அடுத்த தலைமுறையாகும்போது உள்ளே ஒரே உட்கருதான் இருக்கும். பெருகும் நேரத்தில் அது பலமுறை பிரிந்து, உடல் முழுவதும் ஏராளமான இனச்செல்களாக மாறும். பல வகைகளில் ஒவ்வொன்றுக்கும் நீந்த இரண்டு வால் உண்டு. அவை நீரில் கலந்து, அதே இனத்தின் வேறோர் உயிரிலிருந்து வந்த இனச்செல்லோடு சேரும். இந்தத் தலைமுறையும் வெறும் ஓட்டை விட்டுவிட்டு மறைந்துவிடும்.

இத்தனை பெரிய கடலில் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கும்? பெரும்பாலானவை கண்டுபிடிப்பதில்லை, வீணாகிவிடும். எண்ணிக்கைதான் அதற்கு ஈடு. பட்டெல்லினா போன்ற சில வகைகள் வேறு வழி வைத்திருக்கின்றன. இரண்டோ மூன்றோ உயிர்கள் முன்கூட்டியே நெருங்கி வந்து, ஒட்டிக்கொண்டு, நடுவில் உள்ள மூடிய இடத்திலேயே இனச்செல்களை விடும். அங்கே வீணாவது குறைவு, ஆகவே சில இனச்செல்களே போதும். ரொட்டலியெல்லா என்ற வகை இன்னும் சிக்கனம்: தன் இனச்செல்களையே தனக்குள் சேர்த்துக்கொள்ளும். பாலினத் தலைமுறையைத் தள்ளிப்போட்டுவிட்டுத் துணையில்லாமலே பலமுறை பெருகும் வகைகளும் உண்டு.

ஓட்டைப் பார்த்து எந்தத் தலைமுறை என்று சொல்ல முடியுமா? முடியும். நடுவில் இருக்கும் முதல் அறையைப் (புரோலோகுலஸ்) பாருங்கள். தாயின் உடலில் ஒரு பங்கோடு பிறந்ததற்கு முதல் அறை பெரிது. இரண்டு நுண்ணிய இனச்செல்கள் சேர்ந்து உருவானதற்கு முதல் அறை மிகச் சிறிது. எதையும் கழற்றாத உயிர் என்பதால், பிறந்த அன்று கட்டிய அறை கடைசிவரை நடுவிலேயே இருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். சிறிய முதல் அறையோடு தொடங்கியதுதான் பல வகைகளில் கடைசியில் பெரிய உருவமாக வளர்கிறது. பெரிதாகப் பிறந்தது சிறிதாகவே நின்றுவிடும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டிய தலைமுறைக்கு உடல் வேண்டும், அதனால் அது நீண்ட நாள் வளர்கிறது. இனச்செல்லோ மிகச் சிறியது. சின்ன உடலிலிருந்தும் நிறையச் செய்துவிடலாம்.

ஒரே இனத்துக்கு இப்படி இரண்டு உருவம் இருந்ததால் பழைய ஆய்வாளர்கள் நன்றாகவே ஏமாந்தார்கள். நம்முலைட் என்ற அழிந்துபோன வட்டுவடிவ ஃபொராமுக்குச் சிறியதற்கு ஒரு பெயர், பெரியதற்கு ஒரு பெயர் என்று இரட்டைப் பெயர்கள் குவிந்தன. (கீசா பிரமிடுகளின் சுண்ணாம்புக் கல்லில் நிறைந்து கிடப்பவை இந்த நம்முலைட்கள்தான். பிரமிடு கட்டிய தொழிலாளர்கள் தின்று மிஞ்சிய பருப்பு கல்லாகிவிட்டது என்று மக்கள் சொன்னதைப் பண்டைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார்.) 1880-இல் முனியே-ஷால்மா இவை ஒரே இனத்தின் இரு உருவங்கள் என்றார். 1895-இல் இங்கிலாந்தின் லிஸ்டரும் ஜெர்மனியின் ஷௌடினும் எல்ஃபிடியம் என்ற வகையின் வாழ்க்கையைத் தனித்தனியே கவனித்து, தலைமுறை மாற்றத்தை விளக்கினார்கள். அதே ஷௌடின்தான் பத்தாண்டு கழித்து மேகநோய்க் கிருமியைக் கண்ட இருவரில் ஒருவர்.

பிறந்த குட்டிகள் எல்லாம் உடனே வளர்ந்துவிடுமா? இல்லை. நுண்ணிய குட்டிகள் நீரோட்டத்தில் வெகுதூரம் அடித்துச் செல்லப்படும். போய்ச் சேர்ந்த இடத்தின் ஆழமும் உப்பும் வெப்பமும் தமக்கு ஒவ்வாவிட்டாலும் மடிந்துவிடாமல், வளராமல், சேற்றுக்குள் காத்திருக்கும். நிலைமை மாறியதும் வளரத் தொடங்கும். வறண்ட கண்மாய் மண்ணில் மழைக்காகக் காத்துக் கிடக்கும் விதைகளைப் போலத்தான். எலிசபெத் ஆல்வேயும் சூசன் கோல்ட்ஸ்டீனும் ஆழமான இடத்துச் சேற்றின் நுண்பகுதியை மட்டும் சலித்தெடுத்து, ஆய்வகத்தில் வேறுவிதமான சூழலில் வைத்தபோது, அந்த இடத்தில் வளர்ந்த நிலையில் காணப்படாத கரையோர வகைகள் அதிலிருந்து வளர்ந்து வந்தன.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு? நியாயமான கேள்வி.

முதலில் மணல். பசிபிக் பெருங்கடலின் பல பவளத் தீவுகளில் கடற்கரை மணலின் பெரும்பகுதி ஃபொராம் ஓடுகள்தான். ஜப்பானின் ஒக்கினாவாப் பக்கத் தீவுகளில் 'நட்சத்திர மணல்' என்று குப்பியில் அடைத்து விற்பது பாக்குலோஜிப்சினா, கல்கரினா என்ற வகைகளின் முள்ளுள்ள ஓடுகள். அவை பெருகிக்கொண்டே இருந்தால்தான் அலை அரித்துப் போகும் மணலுக்கு ஈடு கிடைக்கும். மார்ஷல் தீவுகளின் மஜுரோவில், மக்கள் நெருக்கமாக வாழும் தீவுகளின் அருகே இவை குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். கழிவுநீர் இங்கே உடல்நலப் பிரச்சினையோடு நிற்கவில்லை. கடல் மட்டம் ஏறும் காலத்தில் அது நிலத்தின் வரவையே குறைக்கிறது.

இரண்டாவது, அமிலத் தன்மை. சுவர் கட்டும் இடத்தில் அமிலத்தை வெளியே தள்ள ஆற்றல் செலவாகிறது என்றோமல்லவா? நாம் எரிக்கும் எரிபொருளின் கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் கடல் உறிஞ்சுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச். இப்போது 8.1-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. எண் சின்னதாகத் தெரியலாம். அமில அயனிகளின் அளவில் இது கால் பங்குக்கும் மேலான உயர்வு. பப்புவா நியூ கினியில் எரிமலைக் கரியமில வாயு இயற்கையாகவே கசியும் இடங்களில், கசிவை நெருங்க நெருங்கக் கடலடி ஃபொராம் வகைகள் குறைந்துகொண்டே போகின்றன.

மூன்றாவது, மாசைக் கண்டுபிடிப்பது. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தில் ரொசலினா என்ற வகையை வளர்த்து, நீரில் பாதரசத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார்கள். வளர்ச்சி குன்றியது, புதிய அறைகள் கோணலாக எழுந்தன. கட்டிய அறை அழியாது என்பதால் கோணலும் அழியாது. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் கழிமுகத்தின் சேற்றில் கோணல் ஓடுகள் வழக்கத்தைவிட மிகுந்திருந்தால், நீரை மேலும் சோதிக்கக் காரணம் இருக்கிறது. உப்பு திடீரென்று மாறினாலும் ஓடு கோணலாகும். அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

நான்காவது, பழைய மழை. அதே நிறுவனத்தில் ராஜீவ் நிகம் கார்வார் கடற்கரையை ஒட்டிய சேற்றில் கிடைத்த ஒரு வகையின் முதல் அறைகளை அளந்தார். இரு தலைமுறைகளின் விகிதமும் முதல் அறையின் சராசரி அளவும் நீரின் வெப்பம், உப்பு ஆகியவற்றைப் பொறுத்து மாறுகின்றன. ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையோரக் கடலின் உப்பு குறையும். ஆகவே சேற்றை அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் முதல் அறைகளை அளந்தால், மழைமானி இல்லாத நூற்றாண்டுகளின் பருவமழை எப்படி இருந்தது என்று ஊகிக்கலாம்.

ஐந்தாவதாக ஒன்று நம் கரைக்கே உரியது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் அலை கொண்டுவந்து கொட்டிய மண்ணில் இருந்த ஃபொராம்களை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு வகையும் தனக்கு ஒத்த ஆழத்தில் வாழ்வதால், மண் கடலின் எந்த ஆழத்திலிருந்து வாரி வரப்பட்டது என்பதற்கு அவை சாட்சி. கரையோர நிலத்தைத் தோண்டும்போது இதே போன்ற அடுக்கு கிடைத்தால், முன்பும் பேரலை வந்திருக்கிறதா என்று தேட அது ஒரு துப்பு.

எண்ணெய்க் கிணறு தோண்டுவோருக்கும் இவை உதவும். துளைக்கருவி பாறையை நொறுக்கினாலும் இவ்வளவு சின்ன ஓடுகள் பல முழுசாகவே மேலே வந்துவிடும். எந்த வகை என்று பார்த்தால் பாறையின் வயது தெரியும்.

நீங்களே பார்க்க முடியுமா? தாராளமாக. அலை ஒதுக்கிய கோட்டருகே, கனம் குறைந்த வெள்ளைத் துகள்கள் படிந்திருக்கும் மணலில் இரண்டு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, நிழலில் உலர்த்தி, கறுப்புத் தாளில் மெல்லியதாகப் பரப்புங்கள். 10 அல்லது 20 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி போதும். கைப்பேசியில் மாட்டும் சிறு லென்ஸும் உதவும். ஈரத் தூரிகை நுனியால் தொட்டால் ஓடு ஒட்டிக்கொண்டு வரும். சென்னைக் கடற்கரை போன்ற இடங்களில் பெரும்பாலும் ஆற்றுமணல்தான். அங்கே நிறையத் தேட வேண்டியிருக்கும்.

உயிரோடு பார்க்க ஆசையா? கரை ஒதுங்கிய புதுப் பாசியைக் கடல் நீருள்ள வாளியில் நன்றாக உதறுங்கள். அடியில் படிந்த வண்டலைக் கடல் நீரோடு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, வெயில் படாமல் ஓர் இரவு வையுங்கள். உயிருள்ளவை மெதுவாகச் சுவரில் ஏறி ஒட்டியிருக்கும். வெள்ளையாக இல்லாமல் பழுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால், அது தின்ற பாசியின் நிறம், அல்லது உள்ளே குடிவைத்திருக்கும் பாசியின் நிறம். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

கையில் இருப்பது சுண்ணாம்பு ஓடுதானா என்று பார்க்க ஒரு சொட்டு வினிகர் விடலாம், நுரைக்கும். சிப்பித் தூளும் அப்படியே நுரைக்கும் என்பதால் இது அரைச் சோதனைதான். வினிகர் பட்ட ஓடு கரைந்துவிடும், ஆகவே நல்லதாகக் கிடைத்ததில் செய்யாதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் அனுமதியின்றி இறங்கக் கூடாது. எந்தக் கரையிலும் பவளத் துண்டை எடுத்துவருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கவைக்கும். பொதுக் கடற்கரையின் இரண்டு கரண்டி மணலே பல மாலைகளுக்குப் போதும்.